பின்னால் பார்க்கும் குதிரை

ஏப்ரல் 3

இடக்கைக்கு,

நலமா என்று ஆரம்பித்தால், முப்பத்தொரு வருஷமாகக் கேட்காதவள் இப்போது எதற்குக் கேட்கிறாள் என்று காகிதத்தை மடித்து வைத்துவிடுவாய். அதனால் கேட்கவில்லை. உன் போன் நம்பர் உன் அண்ணனிடம் இருக்கிறது. நான்தான் போடவில்லை. என் குரலைக் கேட்டதும் நீ போனை வைத்துவிட்டால் எனக்குத் தாங்காது. கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் அது என் கண்ணுக்குத் தெரியப்போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். ஜூன் 28 நாங்கள் இரண்டு பேரும் மகனிடம் போகிறோம். விமானத்தில் பதினாலு மணி நேரம். திரும்பி வருகிற யோசனை இல்லை. உன் அண்ணனுக்கு முட்டி வலி, எனக்கு மூச்சு. இரண்டு பேரையும் இங்கே தனியாக விட்டுவைக்க அவனுக்கு மனம் வரவில்லை. வீட்டைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட வேண்டும்.

போவதற்கு முன்னால் நீ ஒரு நாள் இந்த வீட்டுக்கு வர வேண்டும். வந்து ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போ. எனக்கு வேறு ஆசை இல்லை. உன் அண்ணன் வருஷத்துக்கு ஒரு தடவை உன் கடைக்கு வந்து, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்று ஐந்து நிமிஷம் நின்றுவிட்டு வருவது எனக்குத் தெரியும். அவர் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் வீட்டில் கொஞ்சம் அதிகமாகப் பேசுவார். அதை வைத்துக் கண்டுபிடிப்பேன்.

அண்ணி, நாத்தனார் என்பதெல்லாம் பிறகு வந்தது. அதற்கு முன்னால் பொம்மைக் கம்பெனியின் மூன்றாம் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து நாலு வருஷம் ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் நாம். உனக்கு இடக்கை என்று பேர் வந்ததும் அங்கேதான். "எங்க அண்ணனைக் கட்டிக்கோ, ஒரே வீட்டிலேர்ந்து வேலைக்கு வரலாம்" என்று இந்தக் கல்யாணத்தை முடித்து வைத்தவளே நீதான். அதை நினைத்தாவது வா.

இப்படிக்கு
அண்ணி
(இந்த வார்த்தையைப் போட எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. போட்டுவிட்டேன்.)


ஏப்ரல் 11

என் அண்ணனின் மனைவிக்கு,

கிழிக்கவில்லை. இரண்டு தடவை படித்தேன்.

வருகிறேன். ஆனால் ஒரு நிபந்தனை. அதைச் சொல்வதற்கு முன்னால் அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு மறந்திருக்காது. ஆனாலும் நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, இந்த ஒரு தடவை எழுதிக்கொள்கிறேன்.

சிவப்புக் குதிரை. குழந்தை மேலே உட்கார்ந்து காலால் தரையை உந்தி ஓட்டுகிற நாலு சக்கரக் குதிரை. கண்ணுக்கு இரண்டு ஸ்டிக்கர் சுருள், இடது ஒன்று, வலது ஒன்று. கருவிழி மூக்குப் பக்கம் வர வேண்டும். மாற்றி ஒட்டினால் குதிரை தன் வாலைப் பார்க்கும். அன்று சாயங்காலம் பேக்கிங்கில் முந்நூற்றுப் பன்னிரண்டு குதிரைகள் தங்கள் வாலைப் பார்த்துக்கொண்டு நின்றன. மூன்றாம் மேசையில் நம் இரண்டு பேருக்கும் ஒரே தள்ளுவண்டி. அன்று அதில் போன மொத்தக் குதிரையில் சரிபாதி கோணல். அப்படியென்றால் இரண்டு பேரில் ஒருத்தியின் நாள் வேலை முழுக்கக் கோணல்.

சூப்பர்வைசர் வந்து, "இது யாரோட கை?" என்றார். நான் இல்லை என்றேன். ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து ஒட்டினேன் என்று சத்தியம் செய்தேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள். உங்கள் பேரில் ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. என் பேரில் வேலை நேரத்தில் பேசுகிறாள் என்று ஏற்கெனவே மூன்று. அடுத்த நாள் காலையில் வாட்ச்மேன் எனக்குக் கேட்டைத் திறக்கவில்லை. அந்த வாரமே வீட்டையும் விட்டு வந்துவிட்டேன்.

நீங்கள் "நான்தான்" என்று சொல்லியிருந்தால் ஒரு திட்டோடு முடிந்திருக்கும்.

ஆகவே, ஒரே ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 'அந்தக் குதிரைகளுக்குக் கண் ஒட்டியது நான்தான்.' அது கையில் கிடைத்தால் அடுத்த பஸ்ஸில் வருகிறேன்.

எழுத மனம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். பழைய பிளாஸ்டிக் பொம்மைகளைக் கழுவி, மஞ்சள் பூத்ததை வெளுத்து, உரிந்த ஸ்டிக்கரை அச்சடித்து ஒட்டித் தருகிற கடை வைத்திருக்கிறேன். நம் கம்பெனிக் குதிரை இதுவரை நாற்பது வந்திருக்கும். எல்லாமே முன்னால் பார்க்கிற குதிரை. அந்த முந்நூறையும் உடைத்துத் தூளாக்கிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். போன மாதம் ஒரு லாரி டிரைவர் அம்மா வீட்டுப் பரணிலிருந்து ஒன்றை எடுத்து வந்தார். மேலே அட்டைக்கனத்துக்கு அழுக்கு. கண்ணை விரலால் துடைத்துப் பார்த்தேன். வால் பக்கம் பார்க்கிறது.

யார் கை என்று குதிரையே சொல்லிவிடும்.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 18

இடக்கைக்கு,

உன் கடிதம் வந்தது. உன் அண்ணன் இதைப் படிக்கவில்லை என்று எழுதச் சொன்னார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஜன்னல் ஓரமாகத் திரும்பி உட்கார்ந்து, அரை மணி நேரம் படிக்காமல் இருந்தார்.

நீ கேட்ட அந்த ஒரு வரியை என்னால் எழுத முடியாது. ஏன் என்று இப்போது கேட்காதே.

இன்னொன்றும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தக் குதிரையைக் கழுவாதே. டிரைவரிடம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு. கிணறு வெட்டப் போய் பூதம் கிளம்பின கதையாகிவிடும். இத்தனை வருஷம் கழித்து யார் கை என்று தெரிந்து யாருக்கு என்ன ஆகப்போகிறது.

வீட்டை ஒழித்துக்கொண்டிருக்கிறேன். உனக்கு ஞாபகம் இருக்கிறதா, சுருளின் கடைசியில் மிச்சமாகும் கண்களை நாம் பாவாடையில் ஒட்டிக்கொண்டு வருவோமே. வீடு முழுக்கக் கண்ணாக இருக்கிறது. நேற்று அலமாரியை நகர்த்தினால் பின்னால் ஒரு கண். சுவிட்ச் போர்டில் ஒன்று. உன் அண்ணனுடைய பழைய சைக்கிளின் மட்கார்டில் இரண்டு ஒட்டி, அதற்கு முகம் வந்துவிட்டது என்று சிரித்தோமே, அந்த சைக்கிளைப் பழைய சாமான்காரர் கேட்டார். இவர் கொடுக்க மாட்டேன் என்கிறார். விமானத்தில் ஏற்றுவீர்களா என்று கேட்டேன். பம்பை எடுத்து வந்து டயருக்குக் காற்றடிக்க ஆரம்பித்துவிட்டார்.

நீ இருந்த அறையில் இப்போது இஸ்திரி மேசை கிடக்கிறது. சுவரில் நீ ஆணி அடித்த இடம் அப்படியே இருக்கிறது. எத்தனை தடவை வெள்ளையடித்தோம், அந்த ஓட்டையை மட்டும் யாரும் அடைக்கவில்லை.

நிபந்தனை எல்லாம் எதற்கு. வா.

அண்ணி


ஏப்ரல் 26

என் அண்ணனின் மனைவிக்கு,

கழுவாதே என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டது. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். கழுவ ஆரம்பித்துவிட்டேன்.

அவசரம் இல்லாமல் செய்கிறேன். இத்தனை வருஷம் காத்திருந்தவளுக்குப் பத்து நாள் பெரிதில்லை. முதல் நாள் சக்கரங்களைக் கழற்றினேன். அச்சில் சுற்றியிருந்த முடியையும் நூலையும் எடுத்தால் ஒரு சின்னப் பந்து. உடம்பை வெதுவெதுப்பான தண்ணீரில், பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டு, பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிடரி மயிரின் ஒவ்வொரு பள்ளத்துக்கும் குச்சியில் பஞ்சு சுற்றி விட்டேன். வயிற்றுக்குள் ஏதோ குலுங்கியது. குலுக்கிக் குலுக்கி வெளியே எடுத்தால் இரண்டு கோலிக்குண்டு, ஒரு சட்டைப் பொத்தான்.

சேணம் வெள்ளையாக இருக்குமே, அது சொத்தைப் பல் நிறத்துக்கு வந்துவிட்டது. அதற்கு பியூட்டி பார்லரில் முடியை வெளுக்க வைத்திருக்கும் கிரீமைப் பூசி, மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி வெயிலில் வைக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை திருப்ப வேண்டும். ஒரு தடவை மறந்தாலும் திட்டுத்திட்டாகத் தேமல் மாதிரி நிற்கும். சுவரோரமாக வெயில் நகர நகர நானும் ஸ்டூலை நகர்த்திக்கொண்டு பின்னாலேயே போனேன். மூன்று நாள் ஆனது. இப்போது பால் மாதிரி இருக்கிறது.

விலாவில் வெள்ளை வட்டத்துக்குள் இருந்த சிவப்பு '7' பாதி போய்விட்டது. முடி காயவைக்கும் மெஷினால் சூடு காட்டி உரித்து, ஸ்கேன் எடுத்து, போன பாதியை வரைந்து அச்சடித்தேன். சிவப்பைக் கொஞ்சம் வெளிறலாகவே அடித்தேன். புதுச் சிவப்பு அடித்தால் கிழவிக்கு உதட்டுச் சாயம் போட்ட மாதிரி இருக்கும். கம்பெனியை விட்டு வந்த பிறகு ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷம் நின்றேன். அங்கே கற்றது இது.

கண்களை மட்டும் இன்னும் சுத்தம் செய்யவில்லை. டிரைவரும் "எதை வேணா பண்ணுங்க, கண்ணை மட்டும் எடுத்துடாதீங்க" என்று சொல்லியிருக்கிறார். எடுக்க மாட்டேன். துடைத்துப் பார்ப்பேன், அவ்வளவுதான். கட்டைவிரலால் நீவும்போது ஸ்டிக்கருக்குள் மாட்டிய காற்று விரலோடு போய் ஓரத்தில் நிற்கும். நீங்கள் எல்லோரும் வலது கை, உங்கள் காற்று வலது ஓரத்துக்குப் போகும். அந்த ஷெட்டில் இடது கை நான் ஒருத்திதான், என் காற்று இடது ஓரத்துக்கு வரும். அந்த இடுக்கில் வருஷக்கணக்கில் அழுக்கு புகுந்து, வெட்டிப்போட்ட நகம் போல ஒரு கறுப்புக் கோடாக நிற்கும். வந்த நாற்பது குதிரைகளில் என்னுடையது ஆறு, மீதி மற்றவர்களுடையது என்று பிரித்தே வைத்திருக்கிறேன்.

ஒன்று சொல்ல வேண்டும். சோப்புத் தண்ணீரில் ஊறின பிளாஸ்டிக்கை வெயிலில் வைத்தால் ஒரு வாசனை வருகிறது. நம் ஷெட்டின் வாசனை. அச்சிலிருந்து சூட்டோடு வந்து விழும் குதிரையை முதலில் நீங்கள் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்கள், குளிர்காலத்தில். "வெந்நீர் பை மாதிரி இருக்குடி" என்பீர்கள். அந்த 'டி'யை அதற்குப் பிறகு யாரும் என்னிடம் சொல்லவில்லை. இதை எழுத நினைக்கவில்லை. எழுதிவிட்டேன், அழிக்க முடியாது, பேனா மை.

நாளை கண்ணைத் துடைப்பேன். பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

உங்கள் நாத்தனார்


மே 14

இடக்கைக்கு,

பார்த்துவிட்டு எழுதுகிறேன் என்று எழுதிப் பதினெட்டு நாள் ஆகிறது. உன் அண்ணன் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். செடிகளை எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துப் பத்து நாள் ஆகிவிட்டது. வெறும் தொட்டிக்கு விடுகிறார்.

கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான்தான் வேண்டாம் என்றேன். இந்தத் தடவை 'சும்மா இந்தப் பக்கம் வந்தேன்' என்று சொன்னால் எடுபடாது.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே. அதை மட்டுமாவது ஒரு அட்டையில் எழுதிப் போடு.

குதிரையில் என்ன இருந்ததோ எனக்குத் தெரியாது என்று பொய் சொல்ல மாட்டேன். தெரியும். அதனால்தான் கழுவாதே என்றேன். எதுவாக இருந்தாலும் சரி, அதற்காக வராமல் இருந்துவிடாதே. பாத்திரங்களை எல்லாம் கட்டிவிட்டேன். மூன்று தட்டு மட்டும் வெளியே வைத்திருக்கிறேன். இவர் மூன்றாவது தட்டையும் எடுத்துத் துடைத்து வைத்தார்.

இன்னும் ஆறு வாரம்தான் இருக்கிறது.

அண்ணி


மே 23

அண்ணி,

கறுப்புக் கோடு இடது ஓரத்தில் இருந்தது. இரண்டு கண்ணிலும்.

என் கைதான்.

இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் போயிற்று. முதலில் நம்பவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தேன். என்னுடைய ஆறு குதிரைகளின் போட்டோவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தன் கையெழுத்து தனக்குத் தெரியாதா. நாற்காலியில் உட்காரப் போகும்போது யாரோ பின்னாலிருந்து இழுத்துவிட்ட மாதிரி இருந்தது.

எப்படி நடந்தது என்பதையும் கண்டுபிடித்துவிட்டேன், கேளுங்கள். சுருள்களை நீங்கள் எல்லோரும் மாட்டும் பக்கத்துக்கு நான் மாற்றி மாட்டிக்கொள்வேன், இடது கைக்குத் தோதாக. நாலு வருஷமாக அப்படித்தான். அன்றைக்குக் காலையில் மட்டும் எதனாலோ உங்களைப் போலவே மாட்டியிருக்கிறேன். கை பழக்கப்படி போயிருக்கிறது. பார்த்துப் பார்த்து ஒட்டினேன் என்று சத்தியம் செய்தேனே, அது பொய் இல்லை. ஸ்டிக்கர் நேராக இருக்கிறதா என்று மட்டும்தான் பார்த்திருக்கிறேன். குதிரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்கவில்லை.

நான் எப்படிப்பட்டவள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நாள் முழுக்க அந்தக் கண்களை உரித்து எறிந்துவிடலாம் என்று நினைத்தேன். என்னிடம் மெஷின் இருக்கிறது. ஸ்கேன் எடுத்து, புதிதாக அச்சடித்து, வலது கையால் நீவி ஒட்டினால் காற்று உங்கள் பக்கம் போய்விடும். பிறகு போட்டோ எடுத்து உங்களுக்கு அனுப்பலாம். ஸ்கேன் எடுக்கிற வரைக்கும் போனேன். அதற்கு மேல் கை வரவில்லை.

போன சனிக்கிழமை டிரைவர் வந்து குதிரையை வாங்கிக்கொண்டு போனார். மீசையும் தொப்பையுமாகப் பெரிய உருவம். கடைக்குள் மண்டிபோட்டு உட்கார்ந்து குதிரையின் முகத்தையே பார்த்தார். "ஏங்க கண்ணை எடுக்க வேண்டாம்னீங்க, அது தப்பா ஒட்டினதுங்க" என்றேன். "தெரியும்க. பக்கத்து வீட்டுப் பையன் குதிரை எல்லாம் ரோட்டைப் பாக்கும். என்னுது மட்டும் நான் விழுந்துட்டேனான்னு திரும்பிப் பாத்துக்கிட்டே போகும். அது இருந்ததாலதான் நான் வண்டி ஓட்டவே பயப்படலை" என்றார். அவர் போன பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அண்ணி, உங்களைத் திருடி மாதிரி நினைத்துக்கொண்டே என் காலத்தைக் கழித்துவிட்டேன். உங்களுக்குப் பிள்ளை பிறந்தபோது அண்ணன் வந்து சொன்னார். "அப்படியா" என்று கேட்டுவிட்டு ஜெராக்ஸ் எடுக்கப் போய்விட்டேன். உங்களுக்கு ஆபரேஷன் என்றபோதும் வரவில்லை. இப்போது எந்த முகத்தோடு அந்த வாசலில் வந்து நிற்பது. மன்னித்துவிடுங்கள் என்று எழுதினால் நாலணாவுக்குத் தபால்தலை வாங்கினது போல இருக்கிறது. ஆனால் வேறு வார்த்தை எனக்குத் தெரியவில்லை.

நான் வரவில்லை. நீங்கள் நல்லபடியாகப் போய்ச் சேருங்கள். அண்ணனை முட்டிக்கு மருந்து மறக்காமல் தேய்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இடக்கை


ஜூன் 2

இடக்கைக்கு,

உன் கடிதத்தை இவரிடம் கொடுக்கவில்லை. முதல் தடவையாக ஒளித்து வைத்துவிட்டேன். இதற்குப் பதில் எழுதாமல் விமானம் ஏறினால் நான் மனுஷியே இல்லை. உன்னைத் தேற்றுவதற்காக எழுதுகிறேன் என்று நினைக்காதே. கடைசிவரை படி.

உனக்கு 'எதனாலோ' என்று இருக்கிறது. எனக்கு எதனால் என்று தெரியும். அன்று காலையில் நமக்குள் சண்டை. பஸ்ஸுக்கு இருபது நிமிஷம்தான் இருந்தது. எனக்கு வெந்நீர் போட்டு வைத்திருந்தேன், அதை எடுத்து நீ குளித்துவிட்டாய். கேட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கேட்டேன். நீ துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு, என்னிடம் சொல்லாமல், உன் அண்ணனைப் பார்த்து, "நேத்து வந்தவகிட்ட எல்லாம் கேட்டுக்கிட்டுதான் நான் குளிக்கணுமா" என்றாய். அவர் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

நேற்று வந்தவள். என்னைக் கையைப் பிடித்து இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தவளே நீ. வேறு யார் சொல்லியிருந்தாலும் எனக்கு உறைத்திருக்காது. பஸ்ஸில் நாம் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தோம். மேசையில் வாய் திறக்கவில்லை. நீ சுருளைப் படீர் படீர் என்று மாட்டினாய்.

வேலை ஆரம்பித்து அரை மணியில் நான் பார்த்தேன். உன் பக்கத்து வரிசையில் இருபது குதிரை. இருபதும் வாலைப் பார்க்கிறது.

பார்த்தேன், சொல்லவில்லை. ஒட்டட்டும், சூப்பர்வைசர் வந்து நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கட்டும், அப்போதாவது வாய் அடங்கும் என்று நினைத்தேன். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன், நான் நினைத்தது அவ்வளவுதான். இருபது குதிரைக்குக் கண்ணை உரித்து மாற்ற அரை மணி போதும். சாப்பிடப் போய் வந்தேன், நூற்றைம்பது ஆகியிருந்தது. அப்போது சொன்னால், இவ்வளவு நேரம் ஏன் சொல்லவில்லை என்பாய். டீக்கு மணி அடித்தபோது இருநூறு தாண்டிவிட்டது. ஒவ்வொரு குதிரைக்கும் வாய் வரைக்கும் வந்தது. நேரம் ஆக ஆகச் சொல்வது கஷ்டமாகிவிட்டது. பிறகு வண்டி பேக்கிங்குக்குப் போய்விட்டது.

"யாரோட கை?" என்று அவர் கேட்டபோது நான் தரையைப் பார்த்தது அதற்குத்தான். என்னுடையது என்று சொன்னால் பொய். உன்னுடையது என்று சொன்னால், எப்போது பார்த்தாய் என்று கேட்பார். உன்னை வேலையை விட்டே தூக்குவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நினைத்திருந்தால் என்னுடையது என்றே சொல்லியிருப்பேன் என்று இத்தனை வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வருகிறேன். அது நிஜமா என்று எனக்கே தெரியாது.

நீ கேட்ட வரியை ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறதா. கண் ஒட்டியது நான் இல்லை. ஆனால் உன்னைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தியது நான். நீ தெரியாமல் செய்தாய். நான் தெரிந்தே செய்தேன்.

அதற்குப் பிறகும் அந்தக் கம்பெனியில் பத்தொன்பது வருஷம் வேலை பார்த்தேன். உன் நாற்காலியில் வேறு ஒரு பெண். நல்ல பெண்தான். எதிரில் உட்கார்ந்திருந்த அவளுடைய ஒவ்வொரு பொம்மையையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். "ஏன்க்கா, என் மேல நம்பிக்கை இல்லையா?" என்று ஒரு நாள் கேட்டாள். அப்போதும் என் கையில் அவளுடைய பொம்மைதான் இருந்தது.

நீ மன்னிப்புக் கேட்டது எனக்கு நெருப்பாகச் சுடுகிறது. திருப்பி எடுத்துக்கொள். வருவதும் வராததும் இனி உன் இஷ்டம். என்னைப் பார்க்கப் பிடிக்காவிட்டால் நான் அன்றைக்கு வெளியே போய்விடுகிறேன், உன் அண்ணனையாவது வந்து பார்.

அண்ணி


ஜூன் 11

அண்ணி,

வெந்நீர் சண்டை எனக்கு ஞாபகமே இல்லை. தலையைக் குடைந்து பார்த்துவிட்டேன், வரவில்லை. ஆனால் 'நேத்து வந்தவ' என்று நான் சொல்லியிருப்பேன். என் வாய் எனக்குத் தெரியாதா. அதை இத்தனை வருஷம் கழித்து உங்கள் எழுத்தில் படித்தபோது கன்னத்தில் அறை வாங்கின மாதிரி இருந்தது.

உங்கள் மேல் கோபம் வரவில்லை என்று சொன்னால் நம்பாதீர்கள். இரண்டு நாள் கடையில் தொட்டதெல்லாம் தப்பாகத்தான் செய்தேன். ஒரு பொம்மை போனைத் துடைக்கிறேன் என்று அதன் எண்களையே அழித்துவிட்டேன். இருபதிலேயே சொல்லியிருக்கலாம் அண்ணி. மேசைக்கு அடியில் காலால் ஓர் உதை விட்டிருந்தாலே போதும், நான் குனிந்து பார்த்திருப்பேன். முப்பத்தொரு வருஷம் தப்பான காரணத்துக்கு உங்கள் மேல் கோபமாக இருந்தேன். இப்போதுதான் சரியான காரணம் கிடைத்திருக்கிறது, நீங்களானால் பதினாலு மணி நேரம் தள்ளிப் போகிறீர்கள். இது என்ன நியாயம்.

மூன்றாம் நாள் ஒன்று யோசித்தேன். என் இடத்தில் நீங்கள், உங்கள் இடத்தில் நான். நேற்று வந்தவள் என்று நீங்கள் என்னைச் சொல்லியிருந்து, உங்கள் குதிரைகள் வாலைப் பார்த்திருந்தால், நான் என்ன செய்திருப்பேன். நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். மனசுக்குள் எண்ணிக்கொண்டு வேறு இருந்திருப்பேன். உங்களுக்காவது ஒவ்வொரு குதிரைக்கும் வாய் வரைக்கும் வந்திருக்கிறது.

மன்னிப்பைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னீர்கள். முடியாது. கொடுத்தது கொடுத்ததுதான். உங்களுடையதையும் வாங்கி வைத்துக்கொண்டேன். மீதியை நேரில் பேசித் தீர்க்கவும் வேண்டாம். நாம் பேச ஆரம்பித்தால் அன்றைக்குச் சாப்பாடு நடக்காது.

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். கடையை மூன்று நாள் மூடுவதாகப் பலகை எழுதி மாட்டிவிட்டேன், இஸ்திரி மேசையை அந்த அறையிலிருந்து எடுத்துவிடுங்கள். அண்ணன் வாசலில் வெறும் தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்க வேண்டாம், உள்ளே இருக்கச் சொல்லுங்கள். அவர் அழுதால் எனக்குக் கை கால் ஓடாது.

உங்களிடம் ஒன்றுதான் கேட்கிறேன். கதவைத் திறந்ததும் என்னை எதையாவது சொல்லித் திட்டுங்கள். செருப்பை இங்கேயா விடுவது, இதுதான் வருகிற நேரமா, எதுவாக இருந்தாலும் சரி. "வாங்க, உட்காருங்க" என்று மட்டும் மரியாதை வைத்துப் பேசினீர்களோ, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போய்விடுவேன்.

இடக்கை